ஓயாத களைப்பு

இரவு முழுதும் உறங்கி எழுந்தும் அசதி நீங்காதவரைச் சோம்பேறியென்று வீட்டார் ஏசுவதுண்டு. ஏசுமுன் அவருடைய கீழிமையைச் சற்று விலக்கிப் பார்ப்பது நன்று. அங்கே செம்மை குன்றி வெளிறியிருப்பின், அது குருதிச்சோகையாக இருக்கக்கூடும்.

குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளே ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது. அதனை ஆக்குவதற்கு இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் படியேறும்போதே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இக்குறைக்குக் கொழுக்கிப்புழு ஒரு பெருங்காரணமாய் இருந்தது. ஈரமண்ணிலுள்ள அதன் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். வளர்ந்தபின் குடலைப் பற்றிக் குருதியை உறிஞ்சும். 1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் அதனை ஒழிக்கும் பணி இங்கு தொடங்கியது. மருந்து மட்டும் போதவில்லை. மலகூடம் இல்லாத இடத்தில், போன புழு மீண்டும் வந்தது.

இன்று மாதவிடாயில் மிகுதியாகக் குருதி இழக்கும் பெண்களையும் கருவுற்ற தாய்மாரையுமே இக்குறை பெரிதும் வாட்டுகிறது. உணவோடு தேநீர் அருந்தும் வழக்கம் வேறு. அது உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும். தேநீர் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்ப்பது உதவும்.

குளிர் தாங்காமையும் மலச்சிக்கலும் கூடியிருந்தால் தைரொயிட்டுச் சுரப்பி மந்தமுற்றிருக்கலாம். தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிதலும் நீரிழிவைக் காட்டலாம். குருதிப் பரிசோதனை இவற்றை வேறுபடுத்திவிடும்.

முதியவருக்கு இரும்புக் குறைவாற் சோகை கண்டால், இரைப்பையிலோ குடலிலோ குருதி மறைவாகக் கசிகின்றதா என ஆராய வேண்டும். காரணத்தைத் தேடாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்புவது பெரும் பிழையாகும்.