டாரீஸியோ சேர்த்த வயலின்கள்

தச்சுத் தொழில் பழகிய லூயிஜி டாரீஸியோ என்ற இத்தாலியர், கிராமங்களிலும் மடாலயங்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த பழைய வயலின்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து சேர்த்த கதை, வாத்தியங்களிடம் சிறிதேனும் அபிமானம் உள்ளவர்களால் மறக்க முடியாதது. 1854-இல் மிலான் நகரில் அவர் காலமான பிறகு, பாரிஸில் புகழோடு வாத்தியங்கள் செய்துவந்த வில்லோம் விரைந்து சென்று, அவர் விட்டுச்சென்ற நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியங்களை உறவினரிடமிருந்து விலைக்கு வாங்கினார்.

அவற்றுள் சிரோரத்தினம், கிரிமோனா நகரத்து ஸ்ட்ராடிவாரி 1716-இல் செய்த ‘மெசையா’. செய்தவரின் ஆயுள்காலம் முழுவதும் அவர் பட்டறையிலேயே தங்கி, பின்னர் கோஸியோ பிரபுவிடம் இருந்து, அவரிடமிருந்து டாரீஸியோவின் கைக்கு வந்த அது, அதிகம் வாசிக்கப்படாமலே காலம் கழித்ததால், மற்ற வயலின்களில் மோவாயும் கையும் உராய்ந்து தேய்ந்துபோகும் செவ்வண்ண வார்னிஷ் இதில் இன்றும் புத்தம் புதிதாய் மின்னுகிறது. சுருள்முனையின் விளிம்பில் தீட்டிய கறுப்புக் கோடுகூட அழியவில்லை. பின்னாளில் அதனைப் பெற்ற, வயலின் வணிகர்களான ஹில் குடும்பத்தார் அதனை ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் காட்சிசாலைக்குத் தானமாக அளித்துவிட்டனர். அங்கே அது கண்ணாடிப் பேழைக்குள் மௌனமாக இருப்பதை நினைக்கையில் மனம் கனக்கத்தான் செய்கிறது.

ஹில் குடும்பத்தார் காட்சிசாலைக்கு அளித்த சேகரத்தில் பழைய வில்களும் உண்டு. வில் இல்லாவிடில் வயலின் வெறும் மரப்பெட்டிதானே! முற்காலத்து வில் வெளிநோக்கி வளைந்தது. கடிகாரத் தொழில் பயின்ற பிரான்ஸுவா டூர்ட் என்ற பாரிஸ் நிபுணர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரேசில் நாட்டுப் பெர்னாம்புகோ மரத்தை அனலில் காட்டி, குதிரைமயிர் இருக்கும் பக்கமாக உள்நோக்கி வளைத்து, இன்றைய வில்லுக்கு உருவம் கொடுத்தார்.