ஒரு மாதச் சம்பளமும் முப்பது மாதச் சம்பளமும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைத் தொழிலாளியின் சம்பளம் 2024 செப்டம்பரில் ஊரறியப் பேசப்பட்டது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கம் சொன்ன சராசரி, மாதம் 25,000 ரூபாய். அதையே படிக்கல்லாக வைத்து இரண்டு கைக்கடிகாரங்களை நிறுத்துப் பார்க்கலாம்.

இரண்டும் பேட்டரி இல்லாதவை, கை அசைவிலேயே சாவி ஏறுபவை. முதலாவது சீகோ 5 ஸ்போர்ட்ஸ். விலை ஏறத்தாழ 25,000. ஒரு மாதச் சம்பளம். அடுத்தது தேதி காட்டாத ரோலக்ஸ் சப்மரைனர். 2024இல் அமெரிக்க விலை 9,100 டாலர். டாலருக்கு 83 ரூபாய் என்றால் 7,55,300. சோறு, வாடகை எதற்கும் எடுக்காமல் சேர்த்தால் 30 மாதச் சம்பளம். இங்கே வாங்கினால் சுங்கமும் ஜிஎஸ்டியும் அதன்மேல் ஏறும். 2025 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள, ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தப்படி ஸ்விஸ் கடிகாரச் சுங்கம் படிப்படியாக நீங்கும். நீங்கினாலும் இந்த இடைவெளி பெரிதாகக் குறையாது.

30 மடங்கு கொடுத்தால் கிடைப்பது என்ன? சீகோவின் 4ஆர்36 இயந்திரம் நாளுக்கு 45 நொடி முந்தலாம், 35 நொடி பிந்தலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ரோலக்ஸ் சொல்வது முன்பின் 2 நொடி. நாளுக்கு 86,400 நொடி. அதில் சீகோ மோசமாக ஓடினாலும் 99.95 சதவீதம் சரி, ரோலக்ஸ் 99.998. வாரம் முழுக்கத் திருத்தாமல் விட்டால் சீகோ 315 நொடி, அதாவது ஐந்தேகால் நிமிடம் முந்தலாம். மாறாக, பிந்துகிற கடிகாரமாக இருந்தால் காலை ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ் போய்விடும். ஞாயிறன்று போனைப் பார்த்துத் திருத்திவிட்டால் கவலையில்லை.

சனி இரவு 10 மணிக்குக் கழற்றி, திங்கள் காலை 5 மணிக்குக் கட்டினால் இடையில் 31 மணி நேரம். சீகோ 41 மணி நேரம் ஓடும், போதும். ரோலக்ஸ் 70 மணி நேரம். பொங்கலுக்கு மூன்று நாள் முழுதாகக் கழற்றி வைத்தால் இரண்டுமே நின்றுபோகும்.

ரோலக்ஸ் நிஜமாகவே மேலோங்கும் இடம் காந்தம். வெல்டிங் மெஷின், மோட்டார் பக்கம் நிற்கிறவரின் கடிகாரத்தில் மயிரிழைச் சுருள்வில் காந்தமேறினால், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நாளுக்குப் பல நிமிடம்கூட முந்தும். ரோலக்ஸின் சுருள்வில் காந்தத்துக்கு மசியாத உலோகக் கலவை. சீகோவில் காந்தமேறினால், கடைக்காரர் சின்னக் கருவி ஒன்றில் காட்டிச் சில நொடிகளில் இறக்கிவிடுவார். தவிர, கார் அசெம்ப்ளி லைனில் பெயிண்டில் கீறல் விழும் என்று கடிகாரத்தைக் கழற்றச் சொல்வது வழக்கம். ஏழரை லட்சம் ஷிஃப்டு முழுக்க லாக்கரில்தான் கிடக்கும்.

ரிப்பேர்க் கணக்கும் சீகோ பக்கமே. 4ஆர்36இன் மறுபெயர்ப் பதிப்பான என்எச்36 வெளியில் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. சில ஆயிரத்தில் இயந்திரத்தையே மாற்றிவிடலாம். ரோலக்ஸுக்கு விற்றாலும் நல்ல விலை உண்டு, உண்மைதான். ஆனால் அந்த லாபத்துக்கு முதலில் 30 மாதச் சம்பளம் கையில் இருக்க வேண்டும்.

விலையேறிய கடிகாரத்துக்கு ஸ்விட்சர்லாந்துதான் என்றில்லை. தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் டாடாவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், 2025இல் டூர்பில்லன் என்ற நுணுக்கமான இயந்திர அமைப்பு பொருத்திய 'ஜல்சா'வை 40,50,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. மொத்தம் 10 தான். நம் கணக்கில் 162 மாதம், பதின்மூன்றரை ஆண்டு உழைப்பு. ஓசூரில் வேர்விட்ட நிறுவனம் அவ்வளவு நுணுக்கத்தைத் தொட்டதில் எனக்குப் பெருமைதான். அது சேகரிப்பவர்களுக்கான பொருள்.

ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு என் தீர்ப்பு சீகோ ரகம்தான். அதுவும் ஒரு மாதச் சம்பளம் என்பதால் கடன் வாங்காமல் சேர்த்து வாங்குங்கள். பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். ஐயாயிரத்துக்கு 'ரோலக்ஸ்' என்று யாராவது நீட்டினால், அது போலி.