கல்யாணத்தைக் கெடுக்க ஒரு கூலியாள்!

காதலர்களைப் பிரித்து வைப்பதும் ஒரு தொழிலா? அலெக்சுக்கு அதுதான் பிழைப்பு! 2010-ல் வெளிவந்த "ஹார்ட்பிரேக்கர்" என்ற பிரெஞ்சுப் படத்தின் கதாநாயகன் அவன். சந்தோஷமாக இருக்கும் ஜோடியை மட்டும் தொடமாட்டான். அந்த விரதத்தைக் கடன் கலைத்துவிடுகிறது! ஒரு பணக்காரத் தந்தை, மகள் ஜூலியட்டின் கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறார். கெடு 10 நாள்.

மெய்க்காவலன் வேடத்தில் மொனாக்கோவில் அவளை நெருங்குகிறான். அப்புறம்? நீங்கள் நினைப்பதேதான்! முடிவைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. அலெக்சாக வரும் ரோமன் டுரிஸ், அவளுக்குப் பிடித்த சினிமா நடனத்தைப் பரீட்சைக்குப் படிக்கும் பையனைப்போல உருப்போடுகிறாரே, அது ஒன்றே போதும்! ஜோடியாக ஆடும்போது ஜூலியட் (வனெஸா பாரடி) சிரிக்கிறாள். அவனுக்கு நடிப்பு மறந்துபோகிறது. கூலி வாங்கியவன் இனி எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வான்?