முத்திரை காட்டும் ஊர்

1854இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியா முழுவதற்குமான தபால்தலைகளை வெளியிட்டது. கல்கத்தாவில் அச்சான அவற்றில் இளவயது விக்டோரியா அரசியின் தலை இருந்தது. ஓரத்தில் துளைகள் கிடையாது; கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். நாலணாத் தலைக்குச் சிவப்பு, நீலம் என இரண்டு நிறம் என்பதால் தாளை இரண்டு முறை அச்சுக்குக் கொடுத்தார்கள். சில தாள்கள் திரும்பிப் போய்விட, அரசி தலைகீழானார். சேகரிப்பவர்கள் இன்றும் ஏங்குவது அந்தப் பிழைக்குத்தான்.

அஞ்சல் வரலாற்றை ஆராய்பவரின் கண் வேறு இடத்துக்குப் போகும். அவருக்குத் தலையைவிட அதன்மேல் விழுந்த முத்திரை முக்கியம். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் அப்போது கல்கத்தாவின் ஆட்சிக்கு உட்பட்டவை. அங்கும் விற்றவை இந்தியத் தலைகளே. தலையைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் ஓர் எண் இருந்தது. ‘பி 172’ என்றால் சிங்கப்பூர், ‘பி 147’ பினாங்கு, ‘பி 109’ மலாக்கா. சாதாரண இந்தியத் தலை ஒன்று இந்த எண்ணால் மலாய்க் கரையின் ஆவணமாகிவிடுகிறது.

இதில் பணச் சிக்கலும் உண்டு. தலைகளின் விலை அணாவில். சிங்கப்பூர்க் கடைத்தெருவில் புழங்கியதோ வெள்ளி டாலர். 1867 ஏப்ரலில் மூன்று ஊர்களும் லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. செப்டம்பரில், இந்தியத் தலைகளின் மேலேயே கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சிட்டு விற்றார்கள். நாடு மாறியும் தலை மாறாத அந்தச் சில மாதங்கள் ஆய்வாளருக்குப் பெரிய விருந்து.

முத்திரைதான் மதிப்பு என்றானதும் போலி முத்திரைகளும் வந்தன. மலிவான பழைய தலையில் ‘பி 109’ குத்திவிட்டால் விலை ஏறிவிடும். அதனால் உறையோடு கிடைக்கும் தலைக்கே மதிப்பு அதிகம். முத்திரையின் மை தலையைத் தாண்டி உறையிலும் படிந்திருக்கிறதா, ஒட்டிய தொகை அன்றைய கட்டணத்துக்குச் சரியாக வருகிறதா, உறையின் பின்பக்கம் உள்ள தேதிகள் கப்பல் வந்துபோன நாட்களோடு ஒத்துப்போகின்றனவா என்றெல்லாம் பார்க்கலாம். தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டியவர்கள் இந்தச் சான்றுகளையும் சேர்த்தே குப்பையில் போட்டுவிட்டார்கள்.