சட்டசபைக்கு ஒரு அகாடமிக் காலண்டர்

நமக்கு செமஸ்டர் ஆரம்பிக்கும்போதே கடைசி வேலை நாள் எதுன்னு தெரியும். தமிழ்நாடு சட்டசபை அடுத்து எப்போ கூடும்? அறிவிப்பு வரும்வரை எம்.எல்.ஏ.வுக்கே தெரியாது.

அரசியலமைப்பின் 174-வது பிரிவு கேட்பது இவ்வளவுதான்: இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் ஆகிவிடக் கூடாது. எத்தனை நாள் நடக்கணும்னு அதில் இல்லை. கோவிட் சமயத்தில், 2020 மார்ச் 24-ல் ஒத்திவைத்த சபை செப்டம்பர் 14-ல் கலைவாணர் அரங்கத்தில் கூடியது. மூன்றே நாள். கெடுவைத் தாண்டலை, அவ்வளவுதான். (நமக்கு மட்டும் 75% அட்டெண்டன்ஸ்!)

எப்போ கூடணும்னு அமைச்சரவை சொல்லும், ஆளுநர் கூட்டுவார். எத்தனை நாள் என்பதை சபாநாயகர் தலைமையிலான அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும். ஆளுநர் தன் இஷ்டத்துக்குத் தேதியை மாத்த முடியாது. அருணாசலப் பிரதேசத்தில் 2016 ஜனவரி 14-ல் கூட வேண்டிய பேரவையை, ஆளுநர் 2015 டிசம்பர் 16-க்கு இழுத்தார். அது செல்லாதுன்னு 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

சரி, இதுக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்?

2025-ஐ எடுத்துக்கோங்க. பட்ஜெட் கூட்டத்தொடர் ஏப்ரல் 29-ல் முடிஞ்சது. அடுத்து சபை கூடியது அக்டோபர் 14-ல். ஆறு மாதத்துக்குள்ளதான், விதிப்படி எல்லாம் சரி. ஆனா நடுவில், ஆகஸ்ட் 27-ல், இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா வரியை 50% ஆக்கியது. பையர்கள் ஆர்டரை நிறுத்தி வச்சாங்க, விலையைக் குறைக்கச் சொன்னாங்க. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வரி டெல்லி விவகாரம், சட்டசபை குறைக்க முடியாது. ஆனா மாநில மானியம், மின்கட்டணச் சலுகை, வேலை போனவங்களுக்கு உதவி? இதையெல்லாம் அமைச்சரை நிக்க வச்சுக் கேட்கிற இடம் சபைதானே. அது கூட 48 நாள் ஆச்சு. சனிக்கிழமை சம்பளம் வாங்குற டெய்லருக்கு அது ஏழு சனிக்கிழமை. கூடியதும் நாலே நாள்.

யாரும் இதை யோசிக்காம இல்லை. 70 உறுப்பினருக்கு மேல் உள்ள சட்டசபைகள் வருடத்துக்குக் குறைந்தது 90 நாள் கூடணும்னு அரசியலமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002-லேயே பரிந்துரை செஞ்சது. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக 100 நாள் என்றது. 2024 டிசம்பர் கூட்டம் இரண்டு நாளில் முடிஞ்சது.

என் கணக்கில் நாள் எண்ணிக்கையைவிட முக்கியம், தேதி முன்கூட்டியே தெரிவது. கனடா நாடாளுமன்றத்தின் கீழவை வருடக் காலண்டரை முன்னாடியே வெளியிடுது. இங்கேயும் ஜனவரியில் வெளியிடலாம், அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை. பட்ஜெட்டுக்குப் பிறகு மானியக் கோரிக்கைகளை வரிசையா ஓட்டிட்டு மாசக்கணக்கில் பூட்டி வைக்காம, ஜூலையில் ஒரு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம்னு பிரிக்கலாம். நடுவில் அவசரம்னா? சிறப்புக் கூட்டம் கூட்டுற அதிகாரம் இப்பவும் இருக்கு.