ராசிங்காபுரத்துக்கு ஒரு டிக்கெட்

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலையைத் தாண்டினால் ராசிங்காபுரம். மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வெளியூர் வேலை என்றால் முதலில் அந்த மலைதான். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, காய் பறித்துவிட்டு இருட்டும்போது திரும்பும் பெண்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு முந்திய தலைமுறை மலையிலேயே லயத்தில் தங்கி வேலை பார்த்தது. தேவாரத்திலிருந்து சாக்குலத்து மெட்டுக்கு ஏறும் நடைபாதையில் அரிசியும் சாமானும் சுமந்து போனவர்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் இறங்கி வந்தார்கள். ஊர் திரும்ப அவர்களுக்குப் பணம் வேண்டியதில்லை. தோட்டத்தில் லீவு கிடைத்தால் போதும்.

இன்று இதே கிராமங்களில் பிறந்து, மடிக்கணினி ஒன்றை நம்பி நாடு நாடாகத் தங்கி வேலை பார்க்கிற இளைஞர்கள் உருவாகிவிட்டார்கள். மென்பொருள் சோதனை, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு என்று வேலை எதுவாகவும் இருக்கும். நிறுவனம் ஒரு நாட்டில், சம்பளம் இன்னொரு நாட்டு நாணயத்தில், ஆள் மூன்றாவது நாட்டில். இவர்களுக்கு லீவு பெரிய காரியமே இல்லை. டிக்கெட் விலைதான் காரியம். "எப்பய்யா வர்ற?" என்று அம்மா கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது இந்த ஐம்பது வருடங்களில் அடியோடு மாறியிருக்கிறது.

தொலைதூரப் போக்குவரத்து இந்த மலைச்சரிவுக்குப் புதிதல்ல. மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறியது. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அழித்தது. 1928-ல் மதுரை - போடி ரயில் பாதை வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், 1950-களில் மறுபடி ரயில் ஓடியது. தேயிலையும் ஏலக்காயும் கடல் கடந்த அந்தக் காலத்தில், அவற்றைப் பறித்த கைகள் மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையிலேயே இருந்தன.

1973-க்குப் பின் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகள் ஆள் தேடத் தொடங்கியதும் அது மாறியது. கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கத்து ஆட்களும் கிளம்பினார்கள். அந்தப் பயணம் எப்படி இருந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு வெளியூர் போக வேண்டும். மதுரைக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் வந்தது 2007-ல்தான். படிப்புக் குறைந்தவராக இருந்தால், 1983-ன் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் தனி அனுமதியும் வேண்டும். நகை அடகுக்குப் போகும், சிலருக்கு நிலமும் போகும். பலர் ரயிலேறிப் பம்பாய் போய், ஏஜெண்டு காட்டிய அறையில் பத்துப் பேரோடு படுத்துக்கொண்டு விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் காத்திருந்தார்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தால் ஒரு முறை போய்வர டிக்கெட். தேதி முதலாளி சொல்வது. சவுதியிலும் கத்தாரிலும் நாட்டைவிட்டு வெளியேறவே முதலாளியின் சம்மதம் வேண்டியிருந்தது. கத்தார் 2018-லும் 2020-லும் இரண்டு கட்டமாக அதை நீக்கியது. சவுதி 2021-ல்தான் தளர்த்தியது.

ஆகவே அன்றைய பயணியிடம் "மலிவான டிக்கெட் எது?" என்று யாரும் கேட்டதில்லை. அவர் டிக்கெட் வாங்கவே இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். சிவப்புக் கார்பன் தாள் ஒட்டிய அந்தச் சிறு புத்தகத்தைத் தொலைத்தால் பயணமே தொலைந்தது. வீட்டுக்கு ஏர்மெயில் கடிதம், கேசட்டில் பதிவு செய்த குரல், எப்போதாவது ஊர்ப் பொதுத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு. அப்பா இறந்த தந்தி கையில் கிடைக்கும்போது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருக்கும். அந்தத் தலைமுறை ஆண்களில் பலர் பெற்றவருக்குக் கொள்ளி வைக்காதவர்கள். அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1999-ல் நெடும்பாசேரியில் கொச்சியின் புதிய விமான நிலையம் திறந்தது. போடியிலிருந்து மலையேறி மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் வழியாக இறங்கினால் ஏறக்குறைய 175 கிலோமீட்டரில் வளைகுடாவுக்கு ஒரு வாசல். பம்பாய் அறை அத்தோடு நம் பக்கத்துக்குத் தேவையற்றுப் போனது. 2003-ல் ஷார்ஜாவிலிருந்து ஏர் அரேபியா பறக்கத் தொடங்கியது, 2005-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 2006-ல் இண்டிகோ. சாப்பாடும் கூடுதல் பெட்டியும் தனிக் காசு, இருக்கை மட்டும் மலிவு என்ற முறை அப்படித்தான் நம்மிடம் வந்தது. 2008 ஜூனில் உலக விமான நிறுவனங்கள் காகித டிக்கெட்டை நிறுத்தின. டிராவல்ஸ் கடைக்காரர் மட்டும் பார்த்த விலையை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. 2012-ல் மதுரையிலிருந்து கொழும்புக்கும், அடுத்த ஆண்டு துபாய்க்கும் விமானம் கிளம்பியது.

பிறகு 2020-ல் கொரோனா. மார்ச் 23 முதல் சர்வதேச விமானங்கள் நின்றன. மே 7-ல் வந்தே பாரத் திட்டத்தின் முதல் விமானங்கள் கேரளத்தில்தான் இறங்கின. கொச்சியில் இறங்கிய நம் ஆட்கள் சொந்த ஊரின் மலையைப் பார்த்துக்கொண்டே மாநில எல்லையில் இ-பாஸுக்குக் காத்திருந்தார்கள். அதே எல்லையின் இந்தப் பக்கம், தோட்டத்துக்குப் போக முடியாத கூலிப் பெண்கள். அந்த இரண்டு வருடம்தான், வேலைக்கு ஓர் இடம் வேண்டியதில்லை என்பதையும் பல நிறுவனங்களுக்குக் காட்டிக் கொடுத்தது. நாடுகளும் கதவைத் திறந்தன. எஸ்டோனியா 2020-லேயே இப்படி வேலை செய்பவர்களுக்குத் தனி விசா கொடுத்தது. மலேசியா 2022-ல், தாய்லாந்து 2024-ல். மலேசியாவுக்குக் குறுகிய காலம் போய்வர இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம் என்பது 2023 டிசம்பரில் தொடங்கியது.

இன்று ஜார்ஜியாவின் திபிலிசியிலோ, தாய்லாந்தின் சியாங் மாயிலோ இருந்துகொண்டு ராசிங்காபுரம் வர நினைக்கிற ஒருவர் எப்படிக் கணக்குப் போடுகிறார்? தேதியை அவர் முதலில் எடுப்பதில்லை. விலையை எடுக்கிறார். கூகுள் ஃபிளைட்ஸில் ஒரு மாதத்தின் எல்லா நாட்களையும் விரித்து, எந்த நாள் இறங்கியிருக்கிறதோ அந்த நாளை அம்மாவிடம் சொல்கிறார். விமான நிறுவனம் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கீழ்ப்படி முதலில் தீர்ந்துபோகும். கல்ஃப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. அப்போதும் ஓணத்தையும் பெருநாளையும் ஒட்டியும் கொச்சி விலை ஏறும். அதே நாளில் சென்னைக்கோ திருச்சிக்கோ அவ்வளவு ஏறியிருக்காது. கொச்சியை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இறங்கும் இடத்தின் விலை வேறு, வீட்டு வாசல் வரைக்குமான விலை வேறு. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொச்சியில் பகலில் இறங்கினால் ஆலுவா போய், மூணாறு பஸ், அங்கிருந்து போடி பஸ் என்று மெல்ல வந்துவிடலாம். நள்ளிரவில் இறங்கினால் டாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தில் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது போய்விடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரியும். 2019-லும் 2020-லும் மூணாறு கேப் ரோட்டில் பெரிய சரிவுகள் நடந்தன. 2024 ஜனவரியில் அகலப்படுத்திய மூணாறு - போடிமெட்டு சாலை திறந்தாயிற்று, ஆனாலும் அந்த மாதங்களில் குமுளி, கம்பம் வழியையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சென்னை தொலைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2010 டிசம்பரோடு நின்ற போடி ரயில், அகலப்பாதையாகி 2022-ல் தேனிக்கும் 2023 ஜூன் 15-ல் போடிக்கும் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ரயிலில்லாமல் இருந்த ஊர் அது. இப்போது வாரத்தில் மூன்று இரவு சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேர் ரயில். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், அங்கே படுக்கை, காலையில் போடி. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு முதுகை நீட்டிப் படுத்து வருவது சிறு விஷயமில்லை. அந்த மூன்று நாட்களில் ஒன்றோடு விமானத் தேதியைப் பொருத்திக்கொண்டால் கொச்சியைவிட மொத்தச் செலவு குறைகிற சமயங்கள் உண்டு. மதுரையில் இறங்கினால் இன்னும் அருகில். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் சிலவே, அதனால் கீழ்ப்படி இருக்கைகளும் கொஞ்சமே.

தனித்தனி டிக்கெட்டாக வாங்கி ஒட்டிக்கொண்டு வரும் பழக்கம் இவர்களிடையே பெருகியிருக்கிறது. திபிலிசியிலிருந்து ஷார்ஜா ஒன்று, ஷார்ஜாவிலிருந்து கொச்சி வேறு ஒன்று. சில நேரம் பாதி விலைக்கு அமையும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை. பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கலாம், அதற்கு விசா வேண்டும். லண்டனில் விமானம் மாறுவதற்கே இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் விசா தேவை. ஒரே நிறுவனத்தின் ஒரே டிக்கெட்டில் வருவதற்குக் கொடுக்கும் கூடுதல் தொகையை வீண் செலவாக நினைக்காதீர்கள். இளைஞர்கள் தனியாக வரும்போது துணியலாம். குழந்தையோடு வருகிறவர்கள் துணிய வேண்டாம்.

இவ்வளவும் யாருக்குப் பயன்படுகிறது என்று யோசித்தால் மனம் கனக்கிறது. மலிவு விலை, தேதி தன் கையில் இருப்பவருக்கே கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை நள்ளிரவு விமானத்தில் ஏற முடிந்தவர், இரண்டு மாதம் ஊரில் இருந்தே வேலை பார்க்க முடிந்தவர், அவருக்குத்தான் அந்தக் கீழ்ப்படி. இன்றும் துபாயிலும் தோஹாவிலும் கட்டட வேலையிலும் கடை வேலையிலும் இருக்கும் நம் ஆட்களுக்கு லீவுத் தேதி மேலாளர் கொடுப்பதுதான். அவர்களுடைய சம்பளம் குறைவு. மகள் கல்யாணம் வந்தால் சொந்தக் காசில் அவர்கள் வாங்கும் டிக்கெட் விலை பல நேரம் அதிகம். போகும் திசையும் இறங்கும் ஊரும் ஒன்றாக இருந்தும் இந்த வித்தியாசம் இருக்கிறது. மலை லயத்தில் லீவுக்குக் காத்திருந்த பாட்டிக்கும் இவர்களுக்கும் இடையில் மாறியது தூரம் மட்டும்தான். மதுரையிலிருந்து வளைகுடாவுக்கு இன்னும் விமானங்கள் வேண்டும் என்று நாம் கேட்பது இவர்களை நினைத்துத்தான்.

தேதி தன் கையில் இருப்பவருக்கும் ஒரு நாள் அது கையைவிட்டுப் போகும். அப்பாவுக்கு நெஞ்சுவலி, தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது என்று தம்பி நள்ளிரவில் கூப்பிடும்போது விலைப் படிகள் எதுவும் இல்லை, மேல்படி மட்டும்தான். அன்று தந்தி தாமதமாக வந்தது. இன்று செய்தி நொடியில் வருகிறது, விமானத்தில் இடமும் பெரும்பாலும் இருக்கிறது, விலையைக் கட்ட முடிகிறதா என்பதே கேள்வி. அதற்கென்றே ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். போகிற ஒவ்வொரு நாட்டிலும் முதல் வாரமே, ஊருக்கு உடனே வர எது குறுக்கு வழி, எந்த நகரத்தில் மாற வேண்டும், அங்கே விசா உண்டா என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

பெற்றோருக்கு வயது ஏற ஏற இவர்கள் வரைபடமும் சுருங்குகிறது. இருபத்தைந்து வயதில் லிஸ்பனைத் தேர்ந்தெடுத்தவர், முப்பத்தைந்தில் கோலாலம்பூரையோ துபாயையோ தேர்ந்தெடுக்கிறார். வாடகையும் வானிலையும் இரண்டாம் பட்சம். அங்கிருந்து திருச்சிக்கோ கொச்சிக்கோ நேர் விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரத்தை ஒட்டி வந்து சேரலாம், அதுதான் காரணம். கொழும்பைப் பற்றி விசாரிக்கிறவர்களும் உண்டு. அங்கிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரம்தான் ஆகிறது.