மட்டாஞ்சேரிச் சுவரும் விரலளவு வீரர்களும்: பொம்மைச் சட்டம் எழுப்பும் கேள்வி

புதுதில்லி: கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் ராமகாதை முழுவதும் தீட்டப்பட்டுள்ளது. தசரதனின் புத்திரகாமேஷ்டி யாகத்தில் தொடங்கி, சீதையுடன் ராமன் அயோத்தி திரும்புவது வரை உருவங்கள் இடைவெளியின்றி நெருக்கமாக நிற்கின்றன. அரக்கர், வானரர், முனிவர், தேவர் என ஒவ்வொருவரையும் நிறத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். கற்பனைப் படைகளுக்கு வண்ணம் பூசும் கலையில் கேரளத்துக்கு உள்ள முதுமைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1555-ம் ஆண்டு வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி கொச்சி மன்னருக்கு வழங்கிய இந்த மாளிகையை, 1663-க்குப் பின் டச்சுக்காரர்கள் புதுப்பித்தனர். அதனாலேயே இதற்கு 'டச்சு அரண்மனை' என்ற பெயர் நிலைத்தது. இன்று இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

இந்தச் சுவருக்கும் ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் மேஜை மீது அணிவகுக்கும் விரலளவு போர்வீரர் உருவங்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தொழில்நுட்பத்தில் தொடர்பு இருக்கிறது. இரண்டு வேலைகளும் தில்லியில் எழுதப்பட்ட ஒரே ஆணையின் வாசலில் வந்து நிற்கக்கூடும் என்பது அதைவிட முக்கியமானது.

சதுரங்கத்திலிருந்து...: யானை, குதிரை, தேர், காலாள் என நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்தியது சதுரங்கம். போரை விளையாட்டாக்கும் எண்ணத்துக்கு அது மூத்த சாட்சி. 1824-ல் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் வகுத்த போர் விளையாட்டு ராணுவப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர், அறிவியல் புனைகதைக்குப் பெயர்பெற்ற ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை 1913-ல் அவர் நூலாகவே வெளியிட்டார். 1975-ல் லண்டனில் தொடங்கப்பட்ட கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1983-ல் 'வார்ஹாமர்' என்ற மாயப் போர் விளையாட்டையும், 1987-ல் அதன் விண்வெளி வடிவத்தையும் கொண்டு வந்தது. அதன் பிறகு பூதங்களும் விண்வெளி வீரர்களும் பெரும் வணிகமாயினர்.

இந்த உருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. கட்டை விரலின் மேல்பாதி அளவுதான். வர்ணம் இல்லாமல் தனித்தனித் துண்டுகளாக விற்கப்படுகின்றன. வாங்கியவரே ஒட்டி, அடிப்பூச்சு கொடுத்து, அடிப்படை நிறம் இட்டு, நீர்த்த கருவண்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டு, மேடான பகுதிகளில் வெளிர் நிறம் தீட்ட வேண்டும். விளையாட ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு படைக்கு வண்ணம் தீட்ட மாதங்கள் ஆகலாம். விளையாடாமல் வண்ணம் மட்டும் தீட்டுவோரும் பலர்.

கேரளச் சுவரோவியர்களின் வரிசையும் ஏறத்தாழ இதுவே. சுண்ணாம்புப் பரப்பைத் தயார் செய்து, மஞ்சளில் கோடிட்டு, செங்காவியில் உறுதி செய்து, பின்னர் நிறங்களைப் படிப்படியாக ஏற்றுகின்றனர். காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, கருப்பு, வெள்ளை என ஐந்தே நிறங்கள். சாத்விக குணத்தோருக்குப் பச்சை என்பது போல குணத்துக்கு ஏற்ப நிறம் வகுக்கப்பட்டுள்ளது. 1970-ல் குருவாயூர் கோயிலில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் இக்கலையை மீட்கும் முயற்சி வலுப்பெற்றது. 1989-ல் அங்கு சுவரோவியப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. சுவரில் கற்ற கை, மரத்திலும் சுடுமண்ணிலும் சிற்றுருவங்களிலும் வேலை தேடுவது இயல்பு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?: மத்திய தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டது. 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென உருவாக்கப்பட்ட பொருள் எதுவாயினும், அது அவர்களுக்கு மட்டுமே உரியதாக இல்லாவிட்டாலும், பொம்மையே. அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வண்ணப்பூச்சிலிருந்து ஈயம் போன்ற உலோகங்கள் கசிகின்றனவா என்பதும் சோதனையில் அடக்கம்.

இதன் தேவையை மறுக்க இயலாது. அந்தக் காலத்துச் சிப்பாய் உருவங்கள் ஈயத்தில் வார்க்கப்பட்டவை. 1990-களில்தான் பெரிய நிறுவனங்கள் ஈயமில்லா உலோகத்துக்கு மாறின. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் வாய்க்குப் போகும் பொருளில் சலுகை காட்டுமாறு எவரும் கேட்கப் போவதில்லை.

ஆனால், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாளைக்கு நான்கு உருவம் தீட்டுபவரும், நாளைக்குப் பல்லாயிரம் வார்த்துத் தள்ளும் ஆலையும் ஒரே படிவத்தை நிரப்ப முடியுமா? கைவினைஞர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, 2020 டிசம்பரில் ஆணை திருத்தப்பட்டது. மத்திய கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தயாரிக்கும் பொருள்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களை முறைப்படி பதிவுசெய்த பயனாளர்கள் தயாரித்தால் அவற்றுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் சென்னப்பட்டணம் மர பொம்மையும் தப்பின. பட்டியலில் பெயர் இல்லாத புதுவகை உருவத்தைத் தீட்டுபவருக்கு எஞ்சியிருப்பது பதிவு அட்டை ஒன்றே. டிராகனுக்கும் விண்வெளி வீரனுக்கும் வண்ணம் தீட்டுவது எந்த மரபுக் கைவினையின் கீழ் வரும் என்பதைப் பதிவு அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இறக்குமதி வரி: பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. 2018-19-ல் 37.1 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2021-22-ல் 11 கோடி டாலராகக் குறைந்ததாக மத்திய அரசு தெரிவித்தது. சீனப் பொம்மைகளைத் தடுப்பதே நோக்கம். ஆனால், சுங்கப் பட்டியலின் 9503-ம் தலைப்பு, பொம்மைகளோடு 'அளவு குறைக்கப்பட்ட மாதிரி உருவங்களையும்' சேர்த்தே சொல்கிறது. மேஜை விளையாட்டுகளுக்கு 9504 என்ற தனித் தலைப்பு உண்டு. விரலளவு போர்வீரன் மாதிரி உருவமா, மேஜை விளையாட்டின் காயா? விடையைப் பொறுத்து வரி மாறும்.

வரி உயர்வால் உள்நாட்டு ஓவியருக்கு ஆதாயம் என்பது ஒரு வாதம். வர்ணமில்லா உருவம் வெளிநாட்டிலிருந்து வந்தால்தானே இங்கு அவருக்கு வேலை என்பது எதிர்வாதம். இரண்டாவதில் நியாயம் அதிகம். ஏற்றுமதிக்கென வண்ணம் தீட்டித் தருவதற்கு வெள்ளை உருவமே மூலப்பொருள். முடிந்த பொருளின் மீது விதிக்கும் வரியை மூலப்பொருள் மீதும் விதிப்பது கைத்தொழிலுக்கு உதவாது.

2025 பிப்ரவரி 1-ம் தேதி மத்திய நிதிநிலை அறிக்கையில், பொம்மைகளுக்கான தேசியச் செயல்திட்டத்தின் அடிப்படையில் புதிய திட்டம் அறிவிக்கப்பட்டது. தொழில் தொகுப்புகள், திறன் வளர்ப்பு, உற்பத்திச் சூழல் ஆகியவற்றில் கவனம் செலுத்தப்படும் என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். தனித்துவம் வாய்ந்த, புதுமையான பொம்மைகள் உருவாக வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. குருவாயூர் மையத்தில் சுவரோவியம் பயில ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து வெளிவரும் ஓவியர் நாளை பத்துத் தலை ராவணனை விரல் உயரத்தில் வார்த்து, ஐந்து நிறத்தில் தீட்டி விற்க முன்வந்தால், அவர் முதலில் கைவினைஞர் பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.